ஜூரி உள்ளே போன பிறகு

நீதிபதி வழக்கைத் தொகுத்துச் சொல்லி முடித்ததும், அஷர் எனப்படும், கறுப்புக் கவுன் போட்ட நீதிமன்ற உதவியாளர் எழுந்து நின்று சத்தியம் செய்வார். இந்த ஜூரியைத் தனியான, வசதியான ஓர் இடத்தில் வைத்திருப்பேன். வேறு எவரையும் இவர்களோடு பேச விடமாட்டேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்பதைத் தவிர, வழக்கைப் பற்றி நானும் இவர்களோடு பேசமாட்டேன். லண்டன் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இந்தச் சத்தியத்தைப் பல தடவை தமிழில் முணுமுணுத்திருக்கிறேன். வாரக்கணக்கில் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில்தான் முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள்.

"இனி நாங்கள் என்ன செய்யவேணும் அண்ணை?"

"இருக்கவேணும்."

அந்த இருப்பைப் பற்றியது இந்த அத்தியாயம். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் கிரவுண் நீதிமன்றங்களுக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் ஜூரியில் பதினைந்து பேர். அங்கே முறையும் வேறு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் 'தீர்ப்பு' என்று நாம் இரண்டையும் சொல்கிறோம்: குற்றவாளியா இல்லையா என்பதையும், எத்தனை வருடம் என்பதையும். ஜூரி சொல்வது முதலாவது மட்டும். இரண்டாவது நீதிபதியின் வேலை. பல வழக்குகளில் அது சில வாரங்கள் கழித்துத்தான் வரும். தீர்ப்பு நாளன்று கனடாவிலிருந்து மாமா எடுத்து "எத்தனை வருசமாம்?" என்று கேட்டால், அன்றைக்கு அதற்குப் பதில் இருக்காது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள்.

எவ்வளவு நேரம் எடுக்கும்?

யாருக்கும் தெரியாது. உங்கள் பாரிஸ்டர் ஒரு மணித்தியாலக் கணக்குச் சொன்னால் அது உங்களைத் தேற்றச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்றுதான் நீதிபதி முதலில் அனுப்புவார். 1974ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டப்படி, குறைந்தது இரண்டு மணித்தியாலமாவது கழிந்த பிறகே பெரும்பான்மை முடிவை ஏற்கலாம். ஜூரி அறைக்குப் போகவர, தலைவரைத் தெரிவுசெய்ய என்று பத்து நிமிடம் கூட்டி, நடைமுறையில் 2 மணி 10 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். அது ஆகக் குறைந்த எல்லை. வழக்கு நீண்டதென்றால் நீதிபதி ஒரு நாள், இரண்டு நாள், அதற்கும் மேல் விட்டுப் பார்த்துத்தான் அவர்களைத் திரும்ப அழைத்து, இனிப் பெரும்பான்மை போதும் என்பார்.

பெரும்பான்மை என்றால் ஏழுக்கு ஐந்து என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு பேர் இருந்தால் பத்துப் பேராவது ஒன்றுபட வேண்டும். வழக்கின் நடுவில் ஒருவர் நோயால் விலகிப் பதினொருவர் ஆனாலும் பத்துத்தான். பத்துப் பேர் மிஞ்சினால் ஒன்பது. ஒன்பது பேராகக் குறைந்துவிட்டால் ஒன்பது பேரும் ஒன்றுபட வேண்டும். 'குற்றவாளி' என்பதற்கு மட்டுமில்லை, 'குற்றவாளி இல்லை' என்பதற்கும் இதே கணக்கு. 1967க்கு முன் இந்தப் பெரும்பான்மை வழியே இருக்கவில்லை. ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் முடிவு இல்லை.

பின்னேரம் நாலு, நாலேகால் ஆனால் ஜூரியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாள் காலையில் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 1994இல் வந்த சட்டமாற்றத்துக்கு முன்பு, முடிவெடுக்க உள்ளே போன ஜூரி வீட்டுக்குப் போகமுடியாது. இரவில் ஹோட்டலில் காவலோடு தங்கவேண்டும். அதற்கும் முன்னால் இன்னும் மோசம். 1670இல் ஓல்ட் பெய்லியில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரைக் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்த ஜூரியைச் சாப்பாடு, தண்ணீர், நெருப்பு எதுவும் இல்லாமல் இரண்டு இரவு பூட்டி வைத்தார்கள். அப்படியும் அவர்கள் மசியவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்காக ஓல்ட் பெய்லிக்குள் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இப்போது ஜூரிக்கு மத்தியானச் சாப்பாடு உண்டு. பட்டினி கிடப்பது வெளியே கதிரையில் இருக்கும் குடும்பம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒலிபெருக்கி

"இன்ன வழக்கில் சம்பந்தப்பட்ட எல்லோரும் மூன்றாம் இலக்க அறைக்கு வரவும்." இந்த அறிவிப்பு வந்ததும் நெஞ்சு வாய்க்குள் வந்துவிடும். ஆனால் அது தீர்ப்பாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஜூரி ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கலாம். ஒரு சாட்சி சொன்னதைத் திரும்ப வாசிக்கக் கேட்டிருக்கலாம். ஒருவருக்குப் பல்வலியாக இருக்கலாம். நீதிபதி பெரும்பான்மை பற்றிச் சொல்ல அழைத்திருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் நேரமாகவும் இருக்கலாம். மூன்று நாள் காத்திருப்பில் ஐந்தாறு தடவை இப்படி எழுந்து ஓடுவது சாதாரணம். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை வழக்கமாக முடிவை எடுக்கமாட்டார்கள். நீதிபதி அதைச் சொல்லியிருந்தால், அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பிச் சாப்பிடுங்கள்.

அறிவிப்புக் கேட்டதும் அஷரிடம் "கேள்வியா, முடிவா?" என்று கேளுங்கள். சொல்லக்கூடியதென்றால் சொல்வார். கேள்வி என்றால், அந்தக் கடதாசியை நீதிபதி முதலில் இரு தரப்புப் பாரிஸ்டர்களுக்கும் காட்டி, என்ன பதில் சொல்வது என்று பேசி, பிறகுதான் ஜூரியை அழைப்பார். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று ஜூரி அதில் எழுதியிருந்தால் மட்டும் அந்த எண்ணிக்கையை யாருக்கும் சொல்லமாட்டார்.

கேள்வியை வைத்துக் குறி பார்க்கும் பழக்கம் நம்மிடம் மட்டுமில்லை, வெள்ளைக்காரக் குடும்பங்களிடமும் இருக்கிறது. "சிசிடிவியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டிருக்கினம், அப்ப நம்பேல்லைத்தானே?" அந்தக் கேள்வி ஒருவரின் சந்தேகத்தால் வந்ததாக இருக்கலாம், மற்றப் பதினொருவர் அவரைச் சமாதானப்படுத்தக் கேட்டதாகவும் இருக்கலாம். சீக்கிரம் வந்தால் விடுதலை என்பார் ஒருவர், சீக்கிரம் வந்தால் தண்டனை என்பார் இன்னொருவர். ஜூரி உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வந்தால் நல்லது, குனிந்துகொண்டு வந்தால் கெட்டது என்பார்கள். குனிந்துகொண்டு வந்த பன்னிரண்டு பேர் 'குற்றவாளி இல்லை' என்று சொன்னதை நான் கூண்டுக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு வந்தவர்கள் எதிர்மாறாகச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். பல்லி சொன்ன பலனைப் போலத்தான் இதுவும். அம்மாமார் நேர்த்தி வைக்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு விளக்கம் சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை வான் ஓட்டும் வேலைக்கு விடுங்கள்.

எங்கே இருப்பது

பிணையில் இருப்பவருக்கு நீதிபதி ஓர் எல்லை சொல்வார்: கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது, அல்லது அழைத்தால் பத்து நிமிடத்தில் வரவேண்டும். சில வழக்குகளில் ஜூரி உள்ளே போன உடனே பிணையை நிறுத்தி, காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் கீழே சிறைக்கூடத்தில் வைப்பதும் உண்டு. அது தீர்ப்பின் முன்னோட்டம் இல்லை. வரச்சொன்ன நேரத்தில் வராமல் விடுவது தனிக் குற்றம். ஆகவே புகைபிடிக்கப் போவதென்றாலும் பாரிஸ்டரிடம் சொல்லிவிட்டு, போன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஸ்னேர்ஸ்புரூக் போன்ற நீதிமன்றத்தில் வளவு பெரியது, முன்னால் குளமும் இருக்கிறது. காற்று வாங்க அந்தப் பக்கம் போனவருக்கு ஒலிபெருக்கி கேட்காது.

விளக்கமறியலில் இருப்பவர் கீழேதான் இருப்பார். குடும்பத்தவர் அங்கே போகமுடியாது, சாப்பாடும் கொடுத்துவிட முடியாது. வழக்கறிஞர் மட்டும் போகலாம். அவர் கீழே போகும்போது ஒரு வசனம் சொல்லி அனுப்பலாம்: "அம்மா சாப்பிட்டிட்டா எண்டு சொல்லுங்கோ." மேலே அம்மா சாப்பிடவில்லை என்ற யோசனைதான் கீழே இருப்பவனைத் தின்றுகொண்டிருக்கும் என்பதால், இந்தச் செய்தி உண்மையாகவும் இருக்கவேண்டும். அம்மாவைச் சாப்பிட வையுங்கள்.

சில நீதிமன்றங்களில் சிற்றுண்டிச்சாலை இருக்காது, இருந்தாலும் இரண்டு மணிக்கே சாத்திவிடுவார்கள். வாசல் சோதனையில் தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். கண்ணாடிப் போத்தல், கத்தி, முள்ளுக்கரண்டி வேண்டாம். சீனி வருத்தக்காரர் ஊசியும் மருந்தும் கொண்டுவந்தால் பெயர் எழுதிய பெட்டியோடு கொண்டுவாருங்கள்.

ஓல்ட் பெய்லி என்றால் இன்னொரு கணக்கு. அங்கே பார்வையாளர் கலரிக்கு வாசல் வேறு, வோரிக் பாசேஜ் என்ற சந்துக்குள். கைபேசியோ பெரிய பையோ உள்ளே விடமாட்டார்கள். வாங்கி வைக்கவும் இடம் இல்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அனுமதி இல்லை. போனோடு வந்து வாசலில் நின்று தவிக்காமல் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அல்லது ஒருவர் வெளியே எல்லாப் போன்களையும் வைத்துக்கொண்டு நில்லுங்கள். எந்த நீதிமன்றமானாலும் உள்ளே படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் குற்றம். "தீர்ப்பைக் கேட்க ஊரில எல்லாரும் லைனில இருக்கினம்" என்று போனைச் சட்டைப்பைக்குள் திறந்து வைப்பதும் அதற்குள் அடங்கும்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கூண்டில் இருப்பவருக்கு மட்டும்தான். கலரியில் இருக்கும் உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். நீங்கள் ஒருவருக்கொருவர் குசுகுசுத்தாலும் அஷர் கையைக் காட்டுவார். ஆங்கிலம் நன்றாக விளங்கும் ஒருவரை ஓரக் கதிரையில் இருத்துங்கள்.

பன்னிரண்டு பேர்

ஜூரியில் இருப்பவர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து எழுமாற்றாகக் கூப்பிடப்பட்டவர்கள், 18 முதல் 75 வயதுக்குட்பட்டவர்கள். நீங்கள் ஏறும் அதே பஸ்ஸில் அவர்களும் ஏறுவார்கள். கழுவறையிலும் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களோடு பேசக்கூடாது. "குட் மோர்னிங்" கூட வேண்டாம். கதவைப் பிடித்துக்கொண்டு புன்னகைப்பதும் வேண்டாம். மரியாதைக் குறைவாக அவர்கள் நினைக்கமாட்டார்கள், அவர்களுக்கும் இதேதான் சொல்லப்பட்டிருக்கிறது. தவறி அவர்களில் ஒருவர் உங்களோடு பேசிவிட்டால் மறைக்காமல் உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஒரு சொல்லால் ஜூரி முழுவதையும் கலைத்து, வழக்கை முதலிலிருந்து நடத்தவேண்டி வரலாம்.

தமிழில் பேசினால் யாருக்கு விளங்கும் என்று நினைக்கவேண்டாம். ஒரு வழக்கில் சிற்றுண்டிச்சாலையில் ஒரு சித்தப்பா, எதிர்த்தரப்புச் சாட்சியைப் பற்றித் தனக்குத் தெரிந்த பழைய கதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்மேசையில் இருந்த பெண் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வேறு ஒரு வழக்கின் ஜூரி அவர், நல்லகாலம். கழுத்துப் பட்டியில் இருந்த பெயர் நல்ல தமிழ்ப் பெயர்.

வாட்ஸ்அப், முகநூல், டிக்டொக் எதிலும் வழக்கைப் பற்றி எழுதாதீர்கள். 2015இல் வந்த சட்டப்படி, வழக்கைப் பற்றி இணையத்தில் தேடும் ஜூரர் இரண்டு வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம் செய்கிறார். அவர் கண்ணில் படும்படி எழுதும் நீங்கள் நீதிமன்ற அவமதிப்பில் மாட்டிக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்லட்டும். "இன்னும் ஒண்டும் இல்லை" என்ற மூன்று சொல் போதும்.

பை

பிணையில் இருப்பவர் தீர்ப்பு நாட்களில் ஒரு பையோடு வரவேண்டும். இதைச் சொன்னதும் வீடுகளில் சண்டை வரும். "வாய் வைக்காதேங்கோ" என்று ஓர் அம்மா பையை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். பையைக் கண்டு ஜூரி எதுவும் நினைக்காது, அது அவர்கள் கண்ணில் படவே படாது. ஆனால் 'குற்றவாளி' என்று வந்து நீதிபதி பிணையை நிறுத்தினால், கூண்டின் பின்கதவால் நேராகக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். வீட்டுக்குப் போய் உடுப்பு எடுக்க நேரம் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

உள்ளே இருக்கவேண்டியது: இரண்டு மூன்று நாளுக்கு உள்ளாடை, காலுறை, சாதாரண உடுப்பு, மூக்குக்கண்ணாடி, மருந்துகள் பெட்டியோடும் மருந்துச்சீட்டோடும் (சிறை மருத்துவப் பிரிவு பார்த்துத்தான் கொடுக்கும்), கொஞ்சம் காசு, சின்னதாய் ஒரு சாமி படம் வேண்டுமென்றால் கண்ணாடிச் சட்டம் இல்லாமல். எல்லாவற்றையும் விட முக்கியம், தொலைபேசி இலக்கங்கள் எழுதிய கடதாசி. கைபேசியை வாங்கிவிடுவார்கள். மனைவியின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்று எத்தனை பேர்?

பையை விட்டுப் பேசினால்: வீட்டு வாடகை யார் பெயரில், கார் சாவி யாரிடம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பது யார், கடை என்றால் அடுத்த வாரச் சம்பளத்துக்குக் கையெழுத்து யார். வெறுமனே இருக்கும் நேரத்தில் இவற்றை ஒரு கொப்பியில் எழுதிவிடலாம். நான் பார்த்தவரை, எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு நேரம் கொஞ்சம் வேகமாகப் போகிறது.

பாதிக்கப்பட்டவரின் குடும்பமாக நீங்கள் இருந்தாலும் இதே வராந்தாவில்தான் காத்திருப்பீர்கள். மற்றத் தரப்போடு முகம் கொடுக்க முடியாதென்றால் அஷரிடமோ விட்னஸ் சேர்விஸ் தொண்டர்களிடமோ கேளுங்கள், வேறு அறை தருவார்கள். வீட்டில் இருந்தாலும் முடிவைப் பொலிஸ் தரப்பிலிருந்து தெரிவிப்பார்கள். கொலை வழக்கு என்றால் உங்களுக்கென்று நியமித்த பொலிஸ் அலுவலர் பக்கத்திலேயே இருப்பார்.

காதால் கேட்கும் விதம்

கிளார்க் எழுந்து ஜூரியின் தலைவரை நிற்கச் சொல்வார். முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில்: எல்லோரும் ஒன்றுபட்ட முடிவுக்கு வந்துவிட்டீர்களா? ஆம் என்றால் அடுத்த கேள்வி: கில்டியா, நொட் கில்டியா?

இந்த இடத்தில்தான் விபத்து நடக்கும். ஒரு தடவை ஜூரித் தலைவர் மெல்லிய குரல் உள்ள இளம்பெண். 'நொட்' அவர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. 'கில்டி' மட்டும் கலரி வரை போனது. தாய் கதிரையிலிருந்து சரிந்துவிட்டார். மகன் கூண்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், மேலே தாயை மூன்று பேர் தூக்குகிறார்கள். தலைவர் சொல்லும் முதல் சொல்லை நம்பாதீர்கள். அவர் சொன்னதும் கிளார்க் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, "இதுதான் உங்கள் எல்லோருடைய முடிவுமா?" என்று கேட்பார். அந்த இரண்டாவது தடவைக்குக் காதைக் கொடுங்கள்.

குற்றச்சாட்டுகள் பல என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். முதலாவதில் வந்தது மற்றவற்றுக்கும் வரும் என்றில்லை. பெரும்பான்மை முடிவில் 'குற்றவாளி' என்றால் எத்தனை பேர் ஒத்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று கேட்பார்கள். 'குற்றவாளி இல்லை' என்றால் அந்த எண்ணிக்கையைக் கேட்கவே மாட்டார்கள்.

காரணம் சொல்லமாட்டார்கள். நம் ஊரில் நீதிபதி பக்கம் பக்கமாக எழுதும் தீர்ப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். பெரியவர்கள் சிலர் ஜூரி என்றதும் பாகவதர் வழக்கைச் சொல்வார்கள்: சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன் நடந்து, 1945இல் நடிகர்கள் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விழுந்து, 1947இல் மேன்முறையீட்டின் பின் விடுதலையான வழக்கு. அன்றும் அந்த ஜூரி ஏன் அப்படிச் சொன்னது என்று அவர்கள் வாயால் யாரும் கேட்டதில்லை. இங்கே ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வதே குற்றம். ஆகவே "ஏன் அப்பிடிச் சொன்னவை?" என்று பாரிஸ்டரைக் கேட்காதீர்கள். அவருக்கும் தெரியாது.

அடுத்த அரை மணி

'குற்றவாளி' என்றால் பாரிஸ்டர் கீழே போய்ப் பேசிவிட்டு உங்களிடம் வருவார். அதற்கு முக்கால் மணி ஆகலாம், போய்விடாதீர்கள். அவரிடம் நாலு கேள்வி: எந்தச் சிறை, தண்டனை எந்தத் திகதி, அதற்கிடையில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை எடுக்கிறார்களா, மேன்முறையீட்டுக்கு இடம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். ஜூரியின் முடிவை எதிர்த்து விண்ணப்பிக்க 28 நாள். அது ஜூரி சொன்ன நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தண்டனை ஆறு வாரம் கழித்து வரும், அப்போது பார்ப்போம் என்று இருந்த குடும்பங்கள் அந்த 28 நாளைத் தொலைத்திருக்கின்றன.

பெரும்பான்மை கூட வரவில்லை என்றால் ஜூரியைக் கலைத்துவிடுவார்கள். மறுபடி நடத்துவதா என்று அரச தரப்பு சில நாளில் சொல்லும். வழக்கமாக ஒரு தடவை மறுபடி நடத்துவார்கள். பிணை அநேகமாக அப்படியே தொடரும்.

'குற்றவாளி இல்லை' என்றால், பிணையில் இருந்தவர் கூண்டைத் திறந்ததும் உங்களிடம் வந்துவிடுவார். விளக்கமறியலில் இருந்தவர் அப்படி வரமாட்டார். வேறு வழக்கோ குடிவரவுத் தடுப்போ இருக்கிறதா என்று பார்த்துக் கடதாசி முடிக்கக் கீழே கொண்டுபோவார்கள். சிறையில் உள்ள அவருடைய சாமான் அன்றைக்குக் கையில் கிடைக்கும் என்றில்லை. கீழேயிருந்து விடுபவரை எந்த வாசலால் விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு தை மாதப் பின்னேரம், பிளாஸ்கில் தேத்தண்ணியோடு ஓர் ஐயா முன்வாசலில் நாற்பது நிமிடம் நின்றார். மகன் பின்பக்கம் கார் தரிப்பிடத்தில், மெல்லிய சேட்டோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தான், போன் இல்லாமல்.